நிவாரணப் பட்டியலில் என் பெயர் எங்கே விட்டுப்போனது?

கேள்வி: ஐயா, திருவெண்ணெய்நல்லூர் பக்கம் தென்பெண்ணை ஓரத்தில் எங்கள் ஊர். 2024 ஃபெஞ்சல் புயலில் ஆற்றுத் தண்ணீர் ஊருக்குள் வந்து கூரை வீட்டின் சுவர் இடிந்தது, இரண்டு ஆடுகள் போயின, ஒன்றரை ஏக்கர் சம்பா நெல்லை மணல் மூடிவிட்டது. அதில் அரை ஏக்கர் மாமனார் பெயரில் பட்டா, ஒரு ஏக்கர் வாய்ப்பேச்சுக் குத்தகை. மாமனாரும் கணவரும் உயிரோடு இல்லை. ரேஷன் கடையில் 2,000 ரூபாய் கொடுத்தார்கள், அவ்வளவுதான். வி.ஏ.ஓ.வைக் கேட்டால் 'எழுதி அனுப்பிட்டேன், தாலுக்காவில் கேளுங்க' என்கிறார். தாலுக்காவில் 'லிஸ்ட் முடிஞ்சுபோச்சு' என்கிறார்கள். எங்கள் தெருவில் பல வீடுகளுக்கு இதே நிலைமைதான். ஊர்ப் பெரியவர் ஒருவர், அரசாங்கம் இரக்கப்பட்டுக் கொடுப்பதை அதட்டிக் கேட்கக் கூடாது என்கிறார். ரொம்பக் கேட்டால் ரேஷன் கார்டில் கை வைத்துவிடுவார்களோ என்று பயமாகவும் இருக்கிறது. இனிமேல் கேட்டால் கிடைக்குமா?

அம்மா, வணக்கம். முதலில் ரேஷன் கார்டு பயத்தை விடுங்கள். மனு கொடுத்ததற்காக யார் கார்டையும் ரத்து செய்ய எந்தச் சட்டத்திலும் இடமில்லை. யாராவது வாயால் அப்படி மிரட்டினால், சொன்னவரின் பதவி, தேதி, இடம் மூன்றையும் அன்றைக்கே ஒரு நோட்டில் எழுதி வைத்துக்கொண்டு, கலெக்டருக்குக் கொடுக்கும் மனுவில் அதையும் ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.

அடுத்து அந்த 'இரக்கம்'. நான் முப்பது வருடத்துக்கு மேல் வருவாய்த் துறையில் இருந்து துணை வட்டாட்சியராக ஓய்வு பெற்றவன். அந்த வார்த்தை அலுவலகத்துக்குள்ளும் புழங்கும், பல நல்ல அதிகாரிகள்கூட அதை நம்பினார்கள். ஆனால் சட்டம் அப்படிச் சொல்லவில்லை. 2004 சுனாமி முடிந்து ஒரு வருடத்துக்குள் வந்த பேரிடர் மேலாண்மைச் சட்டம், 2005-ன் 12-ஆவது பிரிவு, பாதிக்கப்பட்டவர்களுக்குக் குறைந்தபட்ச நிவாரணம் என்ன என்பதை வகுக்கச் சொல்கிறது. கொரோனாவில் இறந்தவர்களின் குடும்பங்களுக்காக நடந்த வழக்கில், 2021 ஜூன் 30 அன்று உச்ச நீதிமன்றம் இந்தப் பிரிவு கட்டாயமானது, விருப்பப்பட்டால் செய்யலாம் என்று விட்டுவிட முடியாது என்று தீர்ப்பளித்தது. அதற்குப் பிறகுதான் ஒவ்வொரு குடும்பத்துக்கும் 50,000 ரூபாய் என்று முடிவானது. அதற்கும் முன்னால், 1983-லேயே, ராஜஸ்தானில் பஞ்ச நிவாரண வேலைக்குப் போனவர்களுக்குக் குறைந்தபட்சக் கூலியைவிடக் குறைத்துக் கொடுத்த வழக்கில், நிவாரண வேலை என்பதற்காகக் கூலியைக் குறைக்க முடியாது, குறைத்தால் அது கட்டாய உழைப்பு என்று இதே நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஊர்ப் பெரியவரிடம் சண்டை போட வேண்டாம், இதை மட்டும் சொல்லுங்கள்.

சரி, உங்களுக்கு எவ்வளவு வந்திருக்க வேண்டும் என்று கணக்குப் பார்ப்போம், இதை யாரும் உங்களுக்கு உட்கார்ந்து சொல்லியிருக்க மாட்டார்கள். ஃபெஞ்சலுக்காக 2024 டிசம்பர் முதல் வாரத்தில் மாநில அரசு அறிவித்ததில், சேதமான குடிசைக்கு 10,000 ரூபாய், ஆடு ஒன்றுக்கு 4,000, பாசன வசதியுள்ள நெற்பயிர் 33 சதவீதமோ அதற்கு மேலோ சேதமானால் ஹெக்டேருக்கு 17,000 ரூபாய். ஒரு ஹெக்டேர் என்பது சுமார் இரண்டரை ஏக்கர். உங்கள் ஒன்றரை ஏக்கருக்குப் பத்தாயிரத்து முந்நூறு ரூபாய் வரும். குடிசையும் ஆடும் சேர்த்தால் 28,000 ரூபாய்க்கு மேல். நீங்கள் வாங்கிய 2,000 தனி, அது விழுப்புரம், கடலூர், கள்ளக்குறிச்சி மாவட்டங்களில் ரேஷன் அட்டைக்குக் கொடுத்த வாழ்வாதாரத் தொகை. அதை வாங்கிவிட்டதால் மற்றது கிடையாது என்று யாராவது சொன்னால் அது தவறு.

இன்னொன்று, வயலில் மணல் மூடியதாக எழுதியிருக்கிறீர்கள். மத்திய உள்துறை 2022-ல் வெளியிட்ட நிவாரண நெறிமுறையில், விளைநிலத்தில் மூன்று அங்குலத்துக்கு மேல் மணலோ வண்டலோ படிந்தால் அதை அகற்ற ஹெக்டேருக்கு 18,000 ரூபாய் என்று தனியாக ஓர் இனம் இருக்கிறது. வேறு எந்த அரசுத் திட்டத்திலும் அதற்கு உதவி வாங்கியிருக்கக் கூடாது, படிவின் கனத்தை அதிகாரி சான்றளிக்க வேண்டும். ஆற்றோர ஊர்களில் இதைக் கேட்கிறவர்கள் மிகக் குறைவு. பயிர்ச்சேத மனுவோடு கலக்காமல் தனி மனுவாக எழுதுங்கள். அப்போது எடுத்த போட்டோ யாருடைய போனிலாவது இருக்கும், தேடிப் பாருங்கள்.

இனிதான் முக்கியமான விஷயம். இதுவரை நீங்கள் கொடுத்த மனுக்களில் எல்லாம் 'எனக்கு நிவாரணம் வழங்க வேண்டும்' என்று எழுதியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அதற்கு 'பரிசீலனையில் உள்ளது' என்று ஒரு வரியில் பதில் எழுதிவிட்டுக் கோப்பை மூடிவிடலாம். நானே அப்படி எத்தனையோ பதில்களில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன், இன்றைக்கு நினைத்தாலும் மனது உறுத்துகிறது. இந்த முறை பட்டியலைக் கேளுங்கள். நிவாரணப் பட்டியல் வானத்திலிருந்து வருவதில்லை. ஒவ்வொரு கட்டத்திலும் ஒருவர் கையெழுத்துப் போட்டுத்தான் மேலே போகிறது. உங்கள் பெயர் எந்தக் கையெழுத்துக்குக் கீழே இருந்தது, எந்தக் கையெழுத்துக்குப் பிறகு காணாமல் போனது என்று தெரிந்தால்தான் யாரிடம் என்ன கேட்பது என்று முடிவு செய்ய முடியும்.

பட்டியல் எப்படித் தயாராகிறது என்று சொல்கிறேன். புயல் ஓய்ந்ததும் வி.ஏ.ஓ.வும் உதவி வேளாண்மை அலுவலரும் சேர்ந்து வயல்வயலாகப் போய் சர்வே எண், சாகுபடி செய்தவர் பெயர், பரப்பு, சேத சதவீதம் எழுத வேண்டும். வருவாய் ஆய்வாளர் அதைச் சரிபார்ப்பார். தாலுக்காவில் எல்லாக் கிராமங்களையும் சேர்த்துத் தொகுத்து மாவட்டத்துக்கு அனுப்புவார்கள். ஒதுக்கீடு வந்ததும் வங்கிக் கணக்குகளுக்குப் பணம் போகும். இது ஏட்டில் உள்ளபடி. நடப்பது வேறு. 2011 டிசம்பர் 30 காலையில் தானே புயல் கடலூர் பக்கம் கரையேறியபோது நான் வருவாய் ஆய்வாளர். மேலிருந்து நாளை காலைக்குள் புள்ளிவிவரம் வேண்டும் என்று போன் மேல் போன், மரம் விழுந்து பாதை அடைந்து கிடக்கிறது, கரண்ட் இல்லை, ஒரு வி.ஏ.ஓ. கையில் இரண்டு மூன்று கிராமம். நான் வேலை பார்த்த ஓர் அலுவலகத்தில் ராத்திரி பதினோரு மணிக்கு மெழுகுவர்த்தி வெளிச்சத்தில், சிட்டாவை வைத்துக்கொண்டே பட்டியல் எழுதி முடித்தோம். சிட்டாவில் பட்டாதாரர் பெயர்தான் இருக்கும். ஊரைவிட்டுப் போய் இருபது வருடம் ஆனவர் பெயர் ஏறியது, அந்த நிலத்தில் நாற்று நட்டு, களை எடுத்து, கடன் வாங்கி உரம் போட்ட குத்தகைக்காரர் பெயர் ஏறவில்லை. அதில் என் கையெழுத்தும் இருந்தது. சில வாரங்களில் அந்த மக்கள் அலுவலக வாசலில் வந்து நின்றபோது, 'லிஸ்ட் முடிஞ்சுபோச்சு' என்றுதான் நானும் சொன்னேன். உங்கள் கடிதத்தில் அதே வார்த்தையைப் படித்ததும்தான் இவ்வளவு நீளமாக எழுதத் தோன்றியது.

ஆக, உங்கள் பெயர் விழுந்திருக்கக்கூடிய இடங்கள் சிலதான். பெயரே எழுதப்படாமல் இருக்கலாம். குத்தகை நிலம் நில உரிமையாளர் பெயரில் எழுதப்பட்டு, பணம் அவருக்குப் போயிருக்கலாம் (அவர் நல்லவராக இருந்து இதைப் பற்றிச் சொல்லாமல் இருப்பதும் நடக்கும், அவருக்கே எதற்கு வந்த பணம் என்று தெரியாமல் இருக்கும்). மாமனார் பெயரில் எழுதி, அவர் இறந்துவிட்டதால் கணக்கு எண் இல்லாமல் நின்றிருக்கலாம். சேதம் 33-க்குக் கீழே என்று போட்டிருக்கலாம், மணல் மூடிய வயலுக்கு அப்படிப் போட்டிருந்தால் எழுதியவர் வயலுக்கு வரவில்லை என்று அர்த்தம். கடைசியாக, எல்லாம் சரியாக நடந்து பணம் வங்கியில் மாட்டியிருக்கலாம். இதைத்தான் நீங்கள் முதலில் பார்க்க வேண்டும், செலவில்லாத வேலை. பணம் ஆதாரை வைத்து அனுப்பப்பட்டிருந்தால், எந்தக் கணக்கில் கடைசியாக ஆதார் இணைத்தீர்களோ அங்கேதான் போய் விழும். நூறு நாள் வேலைக்கு ஒன்று, மகளிர் குழுவுக்கு ஒன்று, கேஸ் மானியத்துக்கு ஒன்று என்று கணக்கு வைத்திருக்கும் பெண்களுக்குப் பணம் வந்ததே தெரியாமல் ஏதோ ஒரு பழைய பாஸ்புக்கில் கிடப்பதை நான் பார்த்திருக்கிறேன். எல்லாப் பாஸ்புக்கையும் 2024 டிசம்பரிலிருந்து என்ட்ரி போட்டுப் பாருங்கள். எந்த வங்கியோடு ஆதார் இணைந்திருக்கிறது என்பதை ஆதார் இணையதளத்தில் ஓ.டி.பி. போட்டுப் பார்க்கலாம், ஊரில் படித்த பிள்ளை யாராவது ஐந்து நிமிடத்தில் பார்த்துச் சொல்லும்.

அங்கே இல்லையென்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனு. வெள்ளைத் தாள் போதும், கையால் எழுதலாம், பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்ட வேண்டும், வறுமைக்கோட்டுக்குக் கீழே இருப்பதற்கான சான்று இருந்தால் அதுவும் வேண்டாம். 'பொதுத் தகவல் அலுவலர், வட்டாட்சியர் அலுவலகம்' என்று முகவரி. எதற்காகக் கேட்கிறீர்கள் என்று நீங்கள் சொல்லத் தேவையில்லை, கேட்கவும் அவர்களுக்கு உரிமை கிடையாது. ஒன்றே ஒன்று கவனம்: 'ஏன் என் பெயரைச் சேர்க்கவில்லை' என்று எழுதாதீர்கள். அந்தச் சட்டத்தில் கையில் உள்ள ஆவணத்தைத்தான் கேட்க முடியும், விளக்கம் கேட்டால் 'இது தகவல் இல்லை' என்று ஒரு வரியில் திருப்பிவிடுவார்கள். இப்படி எழுதுங்கள்:

"எங்கள் வருவாய்க் கிராமத்தில் ஃபெஞ்சல் புயல் பயிர்ச்சேதக் கணக்கெடுப்புப் பதிவேட்டின் நகல் வேண்டும். கீழ்க்கண்ட சர்வே எண்களுக்கு எதிரே எழுதப்பட்ட சாகுபடியாளர் பெயர், பரப்பு, சேத சதவீதம், புலத்தணிக்கை செய்த தேதி, கையெழுத்திட்ட அலுவலர்களின் பதவி ஆகிய விவரங்கள் வேண்டும். குடிசைச் சேதப் பட்டியலின் நகலும், வட்டாட்சியர் அலுவலகத்திலிருந்து மாவட்டத்துக்கு அனுப்பப்பட்ட பயனாளிகள் பட்டியலின் நகலும், பணம் செலுத்த முடியாமல் திரும்பிய கணக்குகளின் பட்டியலும் வேண்டும். பசலி 1434-க்கான அடங்கலில் இதே சர்வே எண்களுக்கான பக்கத்தின் நகல் வேண்டும்."

அடங்கல் என்பது எந்த சர்வே எண்ணில் யார் என்ன பயிர் செய்தார் என்று வி.ஏ.ஓ. எழுதும் பதிவேடு. பசலி என்பது வருவாய்த் துறைக் கணக்கு ஆண்டு, பசலி 1434 என்றால் 2024 ஜூலை முதல் 2025 ஜூன் வரை. தேதியை மட்டும் எழுதுவதைவிடப் பசலி எண்ணையும் போட்டால், இந்த மனுவை எழுதியவருக்கு விஷயம் தெரியும் என்று அலுவலகத்தில் புரிந்துகொள்வார்கள், அதற்கே ஒரு மரியாதை உண்டு.

ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பி ரசீதைப் பத்திரமாக வையுங்கள். முப்பது நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டாலோ அரைகுறையாக வந்தாலோ, அடுத்த முப்பது நாளுக்குள் முதல் மேல்முறையீடு, அதற்கும் அசையாவிட்டால் தொண்ணூறு நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையம். தகுந்த காரணமில்லாமல் இழுத்தடிக்கும் அலுவலருக்கு ஒரு நாளைக்கு 250 ரூபாய் வீதம் 25,000 வரை அபராதம் போட ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. மற்றவர்களின் பெயர் தனிநபர் தகவல், தர முடியாது என்று பதில் வரக்கூடும். 2023-ன் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இந்த விதிவிலக்கை முன்பைவிட அகலமாக்கிவிட்டது, எனக்கு அதில் மிகுந்த வருத்தம். ஆனாலும் மானியத் திட்டங்களின் பயனாளிகள் விவரத்தை அலுவலகமே தானாக முன்வந்து வெளியிட வேண்டும் என்கிற 4-ஆவது பிரிவு அப்படியே இருக்கிறது, பொதுநலன் பெரிதென்றால் தரலாம் என்கிற 8(2)-ம் இருக்கிறது. இரண்டையும் மேல்முறையீட்டில் குறிப்பிடுங்கள். வங்கிக் கணக்கு எண், ஆதார் எண்ணை மறைத்துவிட்டுத் தாருங்கள் என்று நீங்களே எழுதிவிட்டால் மறுப்பதற்குக் காரணம் குறையும்.

பட்டியலைக் கேட்பது என்னுடைய கண்டுபிடிப்பு இல்லை. ராஜஸ்தானில் பஞ்ச நிவாரண வேலையிலும் கிராமத்து வேலைகளிலும் கூலி சரியாக வராத மக்கள், மஸ்தூர் கிசான் சக்தி சங்கதன் என்ற அமைப்பாகச் சேர்ந்து, 1994 கடைசியில் ஊர் நடுவே கூட்டம் போட்டு மஸ்டர் ரோலை, அதாவது வேலைக்கு வந்தவர்களின் கூலிப் பட்டியலை, சத்தமாக வாசித்தார்கள். செத்துப்போனவர் பெயரில் கூலி, கட்டாத கட்டடத்துக்கு பில், எல்லாம் வெளியே வந்தது. அந்தப் போராட்டம் வளர்ந்துதான் 2005-ல் இந்தத் தகவல் அறியும் உரிமைச் சட்டமே பிறந்தது.

இதனால்தான் தனியாகப் போகாதீர்கள் என்கிறேன். தெருவில் பல வீடுகளுக்கு இதே நிலைமை என்கிறீர்களே, ஆளுக்கொரு மனு தனித்தனியாகப் போடுங்கள், ஆனால் ஒரே நாளில் போடுங்கள். கூட்டு மனுவுக்குப் பொதுவாக ஒரு பதில்தான் வரும், பத்துத் தனி மனு என்றால் பத்துப் பதில் எழுதியாக வேண்டும். நம் மாநிலத்தில் வருடத்துக்கு ஆறு கிராம சபை: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. அடுத்து வருகிற கூட்டத்தில் நிவாரணப் பட்டியலை வாசிக்க வேண்டும், விடுபட்டவர்களைச் சேர்க்க வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவந்து, அது தீர்மானப் புத்தகத்தில் ஏறியதைக் கண்ணால் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போங்கள். விடுபட்ட வீடுகள் ஒரே தெருவில், ஒரே சாதிக்காரர்களுடையவையாக இருந்தால் அதைத் தயங்காமல் எழுதுங்கள். சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினக் கரையில் தலித் குடும்பங்கள் நிவாரணத்தில் ஒதுக்கப்பட்டது பதிவான விஷயம். பேரிடர்ச் சட்டத்தின் 61-ஆவது பிரிவு, நிவாரணத்தில் பால், சாதி, சமூகம், வம்சாவளி, மதம் பார்த்துப் பாகுபாடு காட்டக் கூடாது என்று நேரடியாகச் சொல்கிறது.

டெல்லியிலிருந்து பணம் வரவில்லை, அதனால்தான் என்று யாராவது சொல்லலாம். அந்த வாக்குவாதம் நிஜம்தான், மாநிலம் கேட்டதற்கும் வந்ததற்கும் இடைவெளி அதிகம். 2024 டிசம்பரில் மத்திய அரசு விடுவித்த 944.80 கோடி, புயலுக்கென்று தனியாகக் கொடுத்ததில்லை, மாநிலப் பேரிடர் நிதிக்கு எப்படியும் தர வேண்டிய அந்த ஆண்டின் பங்கு. 2025 ஏப்ரலில் கூடுதலாக 522.34 கோடி ஒப்புதலானது. இது போதுமா என்பது பெரிய கேள்வி, கேட்க வேண்டிய கேள்வி. அதேபோல டிசம்பர் 2 அதிகாலையில் தென்பெண்ணையின் குறுக்கே உள்ள சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1,68,000 கனஅடி திறந்தபோது உங்கள் ஊருக்கு எச்சரிக்கை எப்படி, எத்தனை மணிக்கு வந்தது என்பதையும் யாராவது பதில் சொல்லித்தான் ஆக வேண்டும். முறையாக எச்சரித்தோம் என்று அரசு சொன்னது, எங்களுக்கு வந்து சேரவில்லை என்று கரையோர மக்கள் பலர் சொன்னார்கள். ஆனால் பக்கத்து வீட்டுக்கு வந்து உங்களுக்கு வரவில்லை என்றால் அதற்கு டெல்லி காரணமில்லை, அது உங்கள் கிராமத்துக்கும் தாலுக்காவுக்கும் நடுவில் நடந்தது.

ஒரு எச்சரிக்கை. போனது இரண்டு ஆடு என்றால் இரண்டு என்றே எழுதுங்கள். ஐந்து என்று எழுதச் சொல்பவர்கள் இருப்பார்கள். பொய்யாக நிவாரணம் கோரினால் இரண்டு வருடம் வரை சிறை என்று பேரிடர்ச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு சொல்கிறது, அதைவிட, உங்களுடைய உண்மையான பாக்கியும் சந்தேகத்துக்கு ஆளாகிவிடும். நிவாரணப் பணத்தையோ பொருளையோ சுருட்டுகிறவருக்கும் அதே தண்டனை, 53-ஆவது பிரிவில். ஆட்டைப் பொறுத்தவரை உண்மையைச் சொல்லிவிடுகிறேன், உடல் கிடைக்காமல், கால்நடை மருத்துவர் சான்று இல்லாமல் இவ்வளவு நாள் கழித்து வாங்குவது கஷ்டம். பயிரும் வீடும் அப்படியில்லை, அடங்கலும் இடிந்த சுவரும் சாட்சி. கணக்கெடுப்பு முடிந்த பிறகும் விடுபட்டவர்களுக்குத் துணைப் பட்டியல் போட்டுக் கலெக்டர் ஒப்புதல் கேட்டதை நான் பணியில் பார்த்திருக்கிறேன். கட்டாயம் கிடைக்கும் என்று உறுதி கொடுக்க என்னால் முடியாது, ஆனால் பதிவேட்டில் தவறு என்று காகிதத்தோடு நிரூபித்தவரை வெறும் கையோடு அனுப்புவது அவர்களுக்கு அவ்வளவு சுலபமில்லை.

நீதிமன்றம் என்று யோசித்தால், பேரிடர்ச் சட்டத்தின் கீழ் நடந்தவற்றைக் கீழ்க்கோர்ட்டில் கேட்க முடியாது, உயர் நீதிமன்றம்தான். கையில் மேலே சொன்ன நகல்கள் இல்லாமல் போகாதீர்கள். வக்கீல் செலவுக்குப் பயப்பட வேண்டாம். பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவசச் சட்ட உதவி உண்டு, வெள்ளத்தில் பாதிக்கப்பட்டவர்களுக்கும் 1987 சட்டப்பணிகள் சட்டத்தில் தனியாகவே உரிமை இருக்கிறது, நீங்கள் இரண்டு வகையிலும் வருகிறீர்கள். 15100 என்ற எண்ணுக்குப் போன் செய்தால் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவோடு தொடர்பு கிடைக்கும்.

அப்புறம், மாமனாருக்கு வாரிசுச் சான்றும் பட்டா மாறுதலும் இப்போதே எழுதிக் கொடுங்கள். நிவாரணத்துக்காக இல்லாவிட்டாலும் அடுத்த புயலுக்குள் அந்த அரை ஏக்கர் உங்கள் பெயருக்கு வந்துவிட வேண்டும். குத்தகை ஒரு ஏக்கருக்கு, நிலக்காரர் நல்லபடியாக இருந்தால், 'பசலி 1434-ல் சாகுபடி செய்தது இவர்தான்' என்று ஒரு தாளில் எழுதி வாங்குங்கள். உரக்கடை ரசீது, உழவு ஓட்டிய டிராக்டர்காரர் சாட்சி, சொசைட்டிக் கடன் சீட்டு என எது இருந்தாலும் சேர்த்து வையுங்கள். திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் கலெக்டர் அலுவலகத்தில் இவற்றின் நகலோடு மனு கொடுத்து, மனு எண்ணைக் கேட்டு வாங்குங்கள், எண் இல்லாத மனு தேடினாலும் கிடைக்காது.

அடங்கல் நகல் வந்ததும் எனக்கு மறுபடி எழுதுங்கள். சாகுபடியாளர் என்ற இடத்தில் யார் பெயர் இருக்கிறது என்பதை மட்டும் சொல்லுங்கள் போதும், மேல்முறையீட்டை நானே எழுதித் தருகிறேன்.